மொட்டை சாக்ஸ்

போன வாரம் மகள் வேலையிலிருந்து வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வெளியே வெயில் தார் ரோட்டை இளக்குகிறது. உள்ளே ஏசி.

"யம்மா, காலு ரெண்டும் ஐஸா கீதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை நீட்டினாள். அதில் ஒரு வெளிநாட்டுப் பெண் குரோஷா ஊசியால் என்னமோ பின்னிக்கொண்டிருந்தாள். சாக்ஸ் மாதிரி, ஆனால் பாதம் இல்லை. கணுக்காலிலிருந்து முட்டி வரை மட்டும்.

"ரொம்ப ஈசியாம். போட்டுத் தரியா?"

ஈசிதான் என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. எழுதுவது அதைவிடக் குறைவு. எட்டாவதோடு பள்ளிக்கூடம் போச்சு. நீங்கள்தான் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

மறுநாள் செங்கல்பட்டு பஜாரில் உல்லன் நூல் வாங்கினேன். "இந்த வெயில்ல யாருக்கும்மா ஸ்வெட்டரு?" என்று கடைக்காரர் சிரித்தார். வீட்டுக்கு வந்து ஈரக் கையோடு உருண்டையைத் தொட்டுவிட்டேன். நனைந்த உல்லனுக்கு ஒரு வாசனை உண்டு. மழையில் நனைந்த நாய்க்குட்டி மாதிரி. அந்த வாசனையோடு குளோரின் வாசனையும் வந்தது. எங்கள் வீட்டில் குளோரின் இல்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் முன்பு ஓர் இறால் கம்பெனி இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் அங்கே இறால் உரித்தேன். விடிந்ததும் கம்பெனி வேன் திருக்கழுக்குன்றம் பக்கத்துக் காலனிகளில் எங்களைப் பொறுக்கிக்கொண்டு போகும். பொறுக்கிக்கொண்டு என்பதுதான் சரி. ஆடு ஏற்றுகிற மாதிரித்தான் ஏற்றுவார்கள்.

நம் பக்கம் குளிர் என்றால் என்ன? மார்கழியில் ஒரு போர்வை, கொஞ்சம் மூக்கு ஒழுகல். அவ்வளவுதான். கம்பெனி ஹாலுக்குள் நுழைந்த அன்றுதான் குளிர் எது என்று எனக்குத் தெரிந்தது. மேசை மேல் ஐஸ். ஐஸுக்குள் இறால். தரையெல்லாம் குளோரின் கலந்த ஐஸ் தண்ணீர். ரப்பர் கம்பூட்டுக்குள் கால். கையாவது ஓடிக்கொண்டே இருக்கும். கால் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒருநாள் சாயங்காலம் வேன் ஏறும்போது படியில் வைத்ததாக நான் நினைத்த கால் படியில் இல்லை. வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். முட்டி சிரிக்கவில்லை.

அதற்கு முன்னால் செங்கல்பட்டில் சர்ச்சோடு சேர்ந்த தையல் வகுப்புக்குக் கொஞ்ச நாள் போயிருந்தேன். டிவி மேல் போடுகிற விரிப்பு, பூச்சாடிக்கு அடியில் வைக்கிற வட்டம், இதெல்லாம் குரோஷாவில் போடக் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் டிவியும் இல்லை, பூச்சாடியும் இல்லை. விரிப்பு மட்டும் இருந்தது.

காலுக்கு ஒரு சாக்ஸ் பின்னலாம் என்று உட்கார்ந்தேன். குதிகால் திருப்புகிற இடம் எனக்குக் கடைசி வரை வரவில்லை. பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, குதிகாலே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கெண்டைக்காலைச் சுற்றுகிற அளவுக்குச் சங்கிலி. அதன் மேல் போகவும் வரவும் பின்னல். முட்டி உயரம் வந்ததும் ஓரத்தைச் சேர்த்துத் தைத்தால் ஒரு குழாய். முதலில் பருத்தி நூலில் போட்டேன். அது தண்ணீரைக் குடித்துவிட்டு ஐஸ் கட்டி மாதிரி ஒட்டிக்கொண்டது. பிறகுதான் உல்லன்.

வேனில் அதைப் பார்த்துவிட்டு முதலில் வாயைத் திறந்தது பாத்திமாக்கா. திருக்கழுக்குன்றம் பஜாரில் ஏறுகிறவர். எங்களில் மூத்தவர். ஆள் ஏறும் முன்பே பேச்சு ஏறிவிடும்.

"இன்னாடி இது? பாதத்த நண்டு தின்னுட்ச்சா?"

"குதிகால் திருப்பத் தெர்லக்கா."

"அதுக்கு மொட்டையடிச்சி வுட்டுட்டியா?"

அன்றிலிருந்து அதற்கு மொட்டை சாக்ஸ் என்று பெயர். கிண்டல் செய்த பாத்திமாக்காவே முதலில் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு வேனில் எல்லோருக்கும் போட்டேன். மிச்ச உருண்டைகளில் போட்டதால் ஒரு கால் சிவப்பு, ஒரு கால் பச்சை. யாரும் கலர் பார்க்கவில்லை.

கம்பெனியில் நூல் ஆகாது. பொட்டு ஆகாது, வளையல் ஆகாது. ஒரு முடி இறாலோடு போனாலும் சரக்கு கப்பலிலிருந்து திரும்பி வந்துவிடும் என்பார்கள். ஹாலுக்குள் போகும்போது ஒட்டுகிற உருளை ஒன்றை உடம்பெல்லாம் உருட்டித் தூசி எடுப்பார்கள். கம்பூட்டுக்குள் மட்டும் உருட்டமாட்டார்கள். நாங்கள் அங்கே ஒளித்தோம். மாட்டினால் வேலை போகும். தெரிந்துதான் போட்டுக்கொண்டோம்.

எனக்குப் பக்கத்து மேசை மல்லிகா. கடல் பக்கம் திரும்பும் முன்னால் வேனுக்குக் கடைசி நிறுத்தம் அவளுடையது. அவள் புருஷன் கட்டிட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்துக் கிடந்தான். அவளுக்கு இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போயிருந்தது. இரண்டும் செங்கல் சூளையில் மண் சுமந்தபோது. அதனால்தான் சூளையை விட்டு இறாலுக்கு வந்தாள். மூன்றாவது தங்கியதும் என்னிடம் மட்டும் சொன்னாள். மாசமான பெண்ணைக் கம்பெனி வைத்துக்கொள்ளாது. வேலை போனால் மாமியார் மறுபடி சூளைக்கு அனுப்புவாள். இங்கே ஐஸ். அங்கே சூளை. நடுவில் அவள் வயிறு.

"இன்னாமே, இது நிக்கும்ல?"

"நிக்கும்."

"எப்டி சொல்ற?"

"தெரியல."

பொய் சொல்ல எனக்கு அவ்வளவுதான் வந்தது. குளிர் கால் வழியாகத்தான் வயிற்றுக்கு ஏறும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. கெட்டியாக வேண்டும் என்றாள். இரட்டை நூல் பிடித்து நீளமாகப் போட்டுக் கொடுத்தேன். எனக்குச் சொல்லாமல் அவள் பழைய ஜோடியை உள்ளே போட்டு, புதியதை மேலே போட்டு, குளிர் புகாமல் இருக்க இரண்டையும் சேர்த்து முட்டிக்குக் கீழே பாவாடை நாடாவால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். குளிரே பார்க்காத ஊர்க்காரி. இறுக்கினால் சூடு தங்கும் என்று நினைத்துவிட்டாள். நிற்க நிற்கக் கால் வீங்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

ஒருநாள் சரக்கு வாங்குகிற வெள்ளைக்காரர்கள் பார்வைக்கு வருவதாகச் சொன்னார்கள். காலையிலிருந்தே கழுவல். சூப்பர்வைசர் ஷீலா மேடம் ஹால் வாசலில் நின்று கத்தினார்.

"எல்லாரும் பூட்ட கழட்டுங்க! புதுசு வந்து கீது. மாத்திகினு சீக்கிரம் வாங்க."

எங்களுக்குக் கை நின்றுவிட்டது. கம்பூட்டைக் கழற்றினால் மொட்டை சாக்ஸ் தெரிந்துவிடும். உடை மாற்றுகிற அறைக்கு ஓடினோம். புது பூட்டு மூட்டையோடு மேடம் பின்னால் வந்துகொண்டிருந்தார். ஒளிக்க இடமில்லை. பைகள் வெளி ரூமில் பூட்டியிருந்தன. ஒருத்தி சாக்கடை மூடியைத் தூக்கித் தன்னுடையதை உள்ளே போட்டாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. அப்புறம் எல்லோரும். நானும்தான்.

மல்லிகா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கம்பூட்டு காலை விட்டு வரவில்லை. நான் மண்டியிட்டு இழுத்தேன். பூட்டு வந்தது. உள்ளே பார்த்தேன். நாடா சதைக்குள் புதைந்திருந்தது. அதற்குக் கீழே கால் நாவல் பழ நிறம். நனைந்த முடிச்சு. என் விரலும் மரத்த விரல். நகத்தால் நோண்டுகிறேன், அசையவில்லை.

"வலிக்குதா?"

"ஒண்ணுமே தெர்லமே" என்றாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதற்குள் தரையில் தண்ணீர் ஏறியது. ஒரு வேன் உல்லனை முழுங்கினால் எந்தச் சாக்கடை தாங்கும்? மூடி வழியாகத் திரும்பி வந்தது. கூடவே சிவப்பு, பச்சை, நீலம் என்று மிதந்து வந்தது. வாசல் தாண்டித் தண்ணீர் ஓடியதும் ஷீலா மேடம் உள்ளே வந்துவிட்டார்.

"இன்னா இது? யாரு போட்டது?"

ஒருத்தி காலால் ஒன்றைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள்.

"கடல்ல இருந்து வந்துகீது மேடம்" என்றார் பாத்திமாக்கா. யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

மேடம் மல்லிகாவைப் பார்த்தார். என் மடியில் இருந்த காலைப் பார்த்தார். தண்ணீரில் நடந்து வந்து குனிந்தார். கோட்டுப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நாடாவை வெட்டினார். உல்லனையும் மேலிருந்து கீழ்வரை கிழித்தார். அடுத்த காலையும் அப்படியே. காலில் ரத்தம் ஓடத் தொடங்கியதும் மல்லிகா உதட்டைக் கடித்துக்கொண்டாள். வலி வந்ததே என்று எனக்கு மூச்சு வந்தது.

மேடம் எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றை.

"எத்தினி மாசம்?"

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நாலு. மேடம், சத்தியமா வேலைல கொற வெக்க மாட்டேன். பொங்கல் வரிக்கும் வுடுங்க."

"பின்பக்க கேட்டு தொறந்து கீது. போ. நாளைலருந்து வராத."

பாத்திமாக்காவுக்குத் தாங்கவில்லை. "வாயும் வயிறுமா கீறவள தொரத்துறியே, உனுக்கு மனசுன்னு ஒண்ணு கீதா?"

ஷீலா மேடம் திரும்பினார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். குரல் மெதுவாகத்தான் வந்தது.

"நானும் அதே மேசைல நின்னு உரிச்சவதான். அந்த ஐஸ்ல எனக்கு ஒண்ணு போச்சு. அப்ப என்னிய யாரும் தொரத்தல."

பிறகு கோட்டுக் கையை மடித்துவிட்டுச் சாக்கடைக்குள் கையை விட்டார். "நின்னுகினு பாக்காதீங்க. கார் வந்துகினு கீது. எடுங்க."

எல்லோரும் குனிந்து இழுத்தோம். யார் பின்னியது என்று அவர் கடைசி வரை கேட்கவில்லை. புது வெள்ளை பூட்டில் வெறும் காலை விட்டுக்கொண்டு நாங்கள் மேசைக்குப் போனோம். வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மல்லிகா பின்பக்கச் சவுக்குத் தோப்பு வழியாகத் தனியாக நடந்து போயிருந்தாள்.

சாயங்காலம் வேனில் பாத்திமாக்காதான் பேசினார்.

"நாளைக்கே மாமியாக்காரி சூளைக்கு இட்டுனு பூடுவா. சோறு கட்டினு வாங்கடி. ஆளுக்கு ஒரு கை. அவ வூட்டாண்ட குடுத்துட்டுப் போலாம்."

டிரைவர் ஏழுமலை முனகினார். "வண்டி லேட்டானா கம்பெனிக்காரன் என்னியத்தான் கேப்பான்."

"ஆரன் அடி அண்ணாத்த. அவ வருவா, தூக்கு கை மாறும், பூடலாம். நீ இன்னா ரயிலா ஓட்ற?"

அப்படியே நடந்தது. மறுநாள் ஹாரன் சத்தத்துக்கு மாமியாரும் வெளியே வந்தாள். பாத்திமாக்கா ஜன்னலில் தலையை நீட்டினார். "யம்மா, சோறு தெனம் வரும். அவள மட்டும் சூள பக்கம் அனுப்பிச்ச, வேன் உன் வூட்டுக்குள்ளதான் வந்து நிக்கும்." அந்த அம்மாள் உள்ளே போய்விட்டாள். மல்லிகா சூளைக்குப் போகவில்லை.

அதன் பிறகு தினமும் ஹாரன். மல்லிகா ரோட்டுக்கு வருவாள். காலித் தூக்கு மேலே வரும், சோற்றுத் தூக்கு கீழே போகும். யாரும் ஒன்றும் கேட்கமாட்டோம். அவளும் சொல்லமாட்டாள். இடது கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு நிற்பாள். இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்ப்போம். பொங்கல் போனது. கை வர வர முன்னால் வந்தது. நாங்கள் வெறும் காலோடு நின்று உரித்தோம். மொட்டை சாக்ஸ் வேண்டும் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் ஊசியைத் தொடவில்லை.

ஒருநாள் ஹாரன் அடித்தும் அவள் வரவில்லை. ஏழுமலை இன்னொரு தடவை அடித்தார். குடிசைப் படல் கதவு வெளியே கயிறு போட்டுக் கட்டியிருந்தது. இன்னும் நாள் இருக்கிறதே என்று யாரோ சொன்னார்கள். "சும்மா கெடடி" என்றார் பாத்திமாக்கா. வேன் கிளம்பியது. தூக்கு என் மடியில் சூடாக இருந்தது.

அன்றைக்கு நான் உரித்த இறாலெல்லாம் வால் அறுந்து போனது. மத்தியானம் ஷீலா மேடம் சரக்குப் பார்க்கிற மாதிரி என் மேசைக்கு வந்தார்.

"அந்தப் பொண்ணு?"

"இன்னிக்கி ரோட்டுக்கு வர்ல மேடம்."

ஓர் இறாலை எடுத்தார். பார்த்தார். திரும்ப ஐஸில் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் திரும்பும்போதும் படல் கட்டியபடிதான் இருந்தது. அந்த ராத்திரி எங்களில் யார் தூங்கினார்கள் என்று தெரியாது.

மறுநாள் காலை ஏழுமலை ஹாரனில் கை வைக்கவே யோசித்தார். அடித்தார். படல் திறந்தது. மல்லிகாவின் புருஷன் கம்பு ஊன்றிக்கொண்டு வந்தான். அவன் நடந்து நாங்கள் பார்த்ததே இல்லை. பாதி ஓட்டமாக வந்தான். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"சொல்லித் தொலடா!" என்று பாத்திமாக்கா கத்தினார்.

"பொண்ணு..." என்றான். மூச்சு வாங்கியது. "பெரியாஸ்பத்திரில. கொஞ்சம் முன்னாலயே... ரெண்டு பேரும் நல்லா கீறாங்க."

ஏழுமலை ஹாரனை அழுத்திய கையை எடுக்கவில்லை. வேன் முழுக்கக் கத்தியது. நான் கத்தவில்லை. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு தூக்கைக் கீழே கொடுத்தேன். அவன் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டான்.

பிறகு எனக்குக் கல்யாணமாகிக் கூடுவாஞ்சேரி வந்துவிட்டேன். கம்பெனியை மூடி வெகுநாள் ஆகிறது. அந்த இடத்தில் காம்பவுண்டு மட்டும் நிற்கிறது. பாத்திமாக்கா இப்போது இல்லை. ஷீலா மேடம் எந்த ஊர்க்காரர் என்றுகூட நான் கேட்டதில்லை. மல்லிகா வீட்டார் மதுராந்தகம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு சாவுக்காக அந்த வழியாகப் பஸ்ஸில் போனேன். ரோட்டை அகலமாக்கியிருக்கிறார்கள். குடிசைகள் இருந்த இடத்தில் மனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகிற வேன்கள் இப்போதும் உண்டு. கண்ணாடி ஏற்றியிருக்கிறது. மல்லிகா நின்ற இடம் இதுவாக இருக்கும், இல்லை அதுவாக இருக்கும் என்று நான் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எந்த இடத்திலும் பஸ் வேகம் குறையவில்லை.