சாயாத மேஜையில் பொருத்திய பெட்டி

பத்தொன்பது வருடம் கடலில் கழித்தும் வயிறு கடலுக்குப் பழகாத ஒரு எலக்ட்ரீஷியன் அந்தக் கப்பலில் இருந்தார். எல்லோரும் அவரைப் 'பச்சை' என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம் அவருடைய விளக்கு. ஹெலிகாப்டர் தளத்தின் ஓரத்தில், கப்பல் அடங்கியிருந்தால் பச்சை எரியும், இறங்கலாம். கண்டபடி ஆடினால் சிவப்பு, இறங்கக் கூடாது. ஆட்டத்தை அளக்க ஒரு சின்னப் பெட்டி உண்டு. அவர் அதைப் பொருத்திய நாளிலிருந்து எட்டு மாதமாகச் சிவப்பு எரிந்ததே இல்லை. கம்பெனி மெச்சிப்போய், 'அசையாத கப்பல்' என்று கேடயமே செய்துவிட்டது. செய்தி வந்தபோது பாதிப் பேர் வாந்தி எடுத்துக்கொண்டே கை தட்டினார்கள்.

கேடயம் வரவேண்டிய நாளில் கடல் பேயாட்டம் ஆடியது. ஹெலிகாப்டரை ஓட்டி வந்தவர், எப்போதும்போல, பச்சையின் தங்கை புருஷன். வரவேற்கக் கிளம்பிய பச்சை, குமட்டல் தாங்காமல் ஒரு வாய் வெந்நீருக்காகச் சமையலறைக்குள் நுழைந்து, நுழைந்த வேகத்தில் சுவரில் மோதினார்.

சமையல்காரர் சாவகாசமாகத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "இந்த மேஜைல மட்டும் ஒரு சொட்டு சிந்தாது சார். கப்பல் எந்தப் பக்கம் சாஞ்சாலும் இது நேரா நிக்கும். அப்படித்தான் தொங்க விட்டிருக்காங்க."

பச்சைக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டி அந்த மேஜையின் அடியில்தான் இருந்தது. விலையுயர்ந்த சாமான் ஆடி ஆடிக் கெட்டுவிடக் கூடாதே என்று, கப்பலிலேயே ஆடாத இடமாகத் தேடிப் பிடித்து அவரேதான் முடுக்கியிருந்தார்.

தலைக்கு மேல் ஹெலிகாப்டர் இரைந்தது.

"ஐயோ, தங்கச்சி மூஞ்சில எப்படி முழிப்பேன்!"

கரண்டிக் காம்பால் திருகுகளை நெம்பி, பெட்டியைப் பிடுங்கித் தலைகீழாகப் பிடித்து ஆட்டினார். பெட்டியின் கணக்குப்படி கப்பல் ஏழெட்டு முறை கவிழ்ந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் தேய்ந்து மறைந்தது. அவர் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

சாயங்காலம் போன் செய்தார். "நல்லவேளை மாப்ளே, சிவப்பைப் பாத்தீங்க."

"எந்தச் சிவப்பு?"

"விளக்கு!"

"அதை யாரு பாக்குறா? எட்டு மாசமா பச்சையிலயே நிக்குது. நான் உங்களைத்தான் பாப்பேன் மச்சான். நீங்க தளத்தோரக் கம்பியை ஒரு கையால பிடிச்சிருந்தா இறங்குவேன். ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தா ஒரு சுத்து சுத்திட்டு வருவேன். இன்னைக்கு உங்களையே காணோம். அப்புறம் எதை நம்பி இறங்குறது?"

மறுநாளே பெட்டியைக் கப்பல் தரையில் பொருத்தினார். விளக்கு ஒழுங்காகச் சிவந்தது, ஒழுங்காகப் பச்சையானது. ஆனாலும் ஹெலிகாப்டர் வரும்போதெல்லாம் பச்சை முன்கூட்டியே கம்பியோரம் போய் நின்றார். ரெண்டு கையாலும் பிடித்திருக்கும்போது மூக்கு அரித்தால்கூடக் கையை எடுக்கவில்லை.