அளவெடுத்த ஜன்னல்

ஊருக்கெல்லாம் லிப்ட் ஓடவைக்கிற மனிதர், தன் வீட்டுக்கு மட்டும் படியேறித்தான் போவார். நாலாவது மாடி, அறுபத்தெட்டுப் படி. லிப்ட் மெக்கானிக் வேலையில் இருபத்திரண்டு வருஷத்தைக் கழித்தவர். 'லிப்ட்டுக்காரரே' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். அவர் குடியிருந்த பழைய கட்டடத்தில் லிப்ட் வைக்க இடமே கிடையாது. அதை அவரே மூன்று தடவை அளந்து பார்த்துவிட்டார்.

படி அவருக்கு ஒரு பொருட்டில்லை. மனைவிக்குத்தான். இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், அவள் தெருவில் கால்வைத்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. போதகர் மாதம் ஒருமுறை மூச்சுவாங்க மேலே வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். அவளுக்கு அது போதவில்லை. ஆலயத்தில், மூன்றாவது பெஞ்சில், சுவரோரமாய் உட்கார வேண்டும். பக்கத்தில் நாலு பேர் சுருதி தப்பிப் பாட, அவர்களை இழுத்துப் பிடித்துக்கொண்டு தானும் பாட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மணியடித்தால் ஜன்னலண்டை போய் நின்றுகொள்வாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே சட்டைப் பொத்தான் போடுவது அவருக்கு வாராவாரம் ஒரு தண்டனை.

அப்போதுதான் கட்டடக்காரர் அந்த வார்த்தையைச் சொன்னார். ஆலயத்துக்கு எதிரிலேயே அவர் கட்டிய புது அடுக்குமாடியில் லிப்ட் பொருத்தும் வேலை நம்மவருடையது.

"ரெண்டாவது மாடியில ஒரு வீடு உங்களுக்குன்னு வச்சிருக்கேண்ணே. இப்ப குடுக்கற வாடகையையே குடுங்க. அண்ணி லிப்ட்ல இறங்கி ரோட்டைத் தாண்டினா சர்ச்சு."

லிப்ட்டுக்காரர் செய்த தப்பு ஒன்றுதான். கடைசிச் சோதனை முடிந்து அட்டையில் கையெழுத்துப் போடும்வரை, அந்த லிப்ட்டைப் பற்றி வெளியே வாய்திறக்கக் கூடாது என்று அவர் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. இவரோ அன்று சாயங்காலமே மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். போதாக்குறைக்குப் புது வீட்டு ஜன்னலின் அளவையும் எடுத்துவந்து கொடுத்தார். அவள் மறுநாளே நீலத் துணி வாங்கிவரச் சொல்லித் திரை தைக்க உட்கார்ந்தாள். மிஷினை மிதிக்க முட்டி விடவில்லை. கையாலேயே தைத்தாள், பாடிக்கொண்டே. அந்த வீட்டில் பாட்டுக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

சோதனை நாள் வந்தது. ஐந்து ஆள் எடைக்கு மணல் மூட்டை வைத்தபோது லிப்ட் சொன்ன இடத்தில் நின்றது. எட்டு ஆள் எடைக்கு, நின்ற பிறகும் ஒரு சாண் வழுக்கியது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் ஒரு சாண். பிரேக் சரியில்லை. வேறு பிரேக் வர இரண்டு மாதம் ஆகும். திறப்பு விழாவோ வெள்ளிக்கிழமை.

"எட்டுப் பேர் என்னைக்குண்ணே ஒண்ணா ஏறப்போறாங்க?" என்றார் கட்டடக்காரர். "கையெழுத்தைப் போடுங்க, ரெண்டு மாசத்துல மாத்திடலாம். நானும் கர்த்தருக்குப் பயந்தவன்தான். அண்ணி சர்ச்சுக்குப் போறதைவிட நல்ல காரியம் இருக்கா, சொல்லுங்க."

பேனா கையில்தான் இருந்தது. போட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது, பொய் சொல்வானேன். 'என்னை உண்மையாய் நடத்தும்' என்று காலையில் ஜெபத்தில் கேட்டிருந்தார். அதைக் கேட்காமலே இருந்திருக்கலாமே என்றுகூட இருந்தது. பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

"எட்டுப் பேர்னு உள்ள எழுதி ஒட்டியிருக்கோமே தம்பி. அதை நம்பித்தானே ஏறுவாங்க."

"அப்ப வீட்டையும் மறந்துடுங்க."

அன்று படியேறி முடிக்க வெகுநேரம் பிடித்தது. விஷயத்தைச் சொன்னார். அவள் கையில் ஊசி நின்றது.

"ரெண்டு மாசம்தானே?" என்றாள் தலைநிமிராமல். அவர் பையிலிருந்த பேனாவை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"அதுல யார் யாரு ஏறுவாங்க?"

"எல்லாரும்தான். பிள்ளைங்களும்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா, அதுல இறங்கிப் போய் நான் எப்படிங்க பாடுவேன்." சொல்லிவிட்டு அழுதாள். அத்தோடு சமாதானமாகிவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நன்றாகவே அழுதாள்.

வேறொரு மெக்கானிக் வந்து கையெழுத்துப் போட்டார். வீடும் அவருக்கே போயிற்று. இரண்டு மாதம் கழித்துப் பிரேக்கை மாற்றினார்கள். அதுவரை யார்மேலும் ஒரு கீறல்கூட விழவில்லை. "பிழைக்கத் தெரியாத மனுஷன்" என்று மச்சினன் முகத்துக்கு நேரே சொன்னான். லிப்ட்டுக்காரர் அன்று ராத்திரி ஜெபத்தில், யாருக்கும் ஒன்றும் ஆகாததற்கு நன்றி சொல்லி, தன் மனசு கசந்ததற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

நீலத் திரை இப்போது பழைய ஜன்னலில் தொங்குகிறது. ஒரு முழம் அதிகம், தரையில் புரள்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "அதை வெட்டிச் சின்னதாக்கிடவா?"

மணியடிக்க ஆரம்பித்திருந்தது. அவள் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

"வேண்டாங்க. அந்த அளவுக்கு ஒரு ஜன்னல் கேட்டிருக்கேன் ஆண்டவர்கிட்ட. நேரமாகுது, நீங்க போய்ட்டு வாங்க. சுவரோரமா எனக்கு இடம் விட்டு உட்காருங்க."