மஞ்சள் துணி கட்டிய சேவல்

என் மனைவி முனியப்பனுக்கு நேர்ந்து விட்டிருந்த சேவலை நான் அறுத்துச் சுட்டுத் தின்றேன். அதில் ஒரு காலை, என்னவென்று சொல்லாமல், அவளுக்கும் கொடுத்தேன்.

எழுபதுகளின் கடைசி. நாமக்கல்லில் கல்லூரி ஆசிரியராக இருந்தேன்; வேதியியல். இரண்டு முறை கரு கலைந்த பிறகு அவளுக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் சேவலோடு வருவதாக வேண்டிக்கொண்டு, குஞ்சிலிருந்து தான் வளர்த்த சிவப்புச் சேவலின் காலில் மஞ்சள் துணி கட்டியிருந்தாள். நேர்ந்து விட்டதை யாரும் விரட்டக்கூட மாட்டார்கள். சமையலறைக்குள் நடந்து வந்து அவள் காலடியில் நிற்கும்.

லாரி வைத்திருந்த நண்பர் ஒருவர் பஞ்சாப் போய்வந்ததிலிருந்து, அங்கே தயிரில் ஊறவைத்துத் தணலில் சுடும் கோழியைப் பற்றியே பேசினார். அவள் தாய்வீடு போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், செய்தே பார்த்துவிடலாம் என்று வந்துவிட்டார். பண்ணைகளில் கிடைத்ததெல்லாம் முட்டை ஓய்ந்த கோழிகள்.

"அதெல்லாம் செருப்புத் தோலுங்க, வாத்தியாரே. அதா மேயுதே, அது எளசு."

"அது சாமிக்கு உட்டதுங்க."

"காலேசுல பாடஞ் சொல்றவரு முனியப்பனுக்குப் பயப்படறீங்களாக்கும்!"

அந்தக் கேலி எனக்குப் போதுமாக இருந்தது. சந்தையில் அதே நிறத்தில் ஒன்று வாங்கி விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். துணியை அவிழ்த்தது நான்தான்.

எங்கள் பக்கத்தில் மஞ்சள் தடவித் தீயில் வாட்டித் தோலோடுதான் சமைப்போம். அன்று தோலை உரித்தோம். சதையில் ஆழமாகக் கீறி, எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்தோம். துணியில் கட்டி நீர் வடித்த தயிரில் இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், சிவப்புக்குக் கொஞ்சம் கேசரிப் பவுடர். நான்கு மணி நேரம் ஊறியது. கொட்டாங்குச்சித் தணலின் இருபுறமும் செங்கல் வைத்து, கழுவிய சைக்கிள் கம்பிகளில் கோத்துத் திருப்பித் திருப்பிச் சுட்டோம்.

நினைத்ததற்கு முன்பே, சாயங்கால பஸ்ஸில் அவள் வந்துவிட்டாள்.

"ஊட்டுல என்னுங்க இத்தன வாசம்?"

ஒரு காலைத் தட்டில் வைத்து நீட்டினேன். நண்பர் தலையைக் குனிந்துகொண்டார்.

எலும்புவரை தின்றாள். "தயிருங்களா போட்டீங்க? நல்லா இருக்குதுங்க" என்றாள். கையைக் கழுவிவிட்டு, ஒரு பிடி கம்போடு கொல்லைக்குப் போனாள்.

"பா... பா... பா..."

பெட்டைகள் ஓடி வந்தன. மறுபடியும் கூப்பிட்டாள். பிறகு துவைக்கிற கல்லருகே கிடந்த மஞ்சள் துணியைப் பார்த்தாள். குனிய முடியாமல் குனிந்து எடுத்தாள். முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அடுத்த மாதம் பிள்ளை இறந்தே பிறந்தது. ஆண். ரத்தக்கொதிப்புதான் காரணம் என்றார் டாக்டர். அதுதான் உண்மை என்று இன்றும் நம்புகிறேன். அவளிடம் எத்தனையோ முறை சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் தன் அம்மாவிடம் சொன்னதுதான் என் காதில் நிற்கிறது:

"அவரு என்னம்மா பண்ணுவாரு? நாந்தான் ருசியா இருக்குதுன்னு தின்னுபோட்டேன்."

தெரிந்தே கொடுத்தவன் நான் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

அதைச் சொல்ல எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் ஒரு சேவல் குஞ்சை என் கையால் வளர்த்தேன். மஞ்சள் துணி கட்டி அவள் முன் கொண்டுபோய் நிறுத்தி, கேலிக்குப் பயந்ததிலிருந்து தட்டை நீட்டியதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். கோயிலுக்குப் போகலாம் என்றேன்.

கடைசிவரை கேட்டாள். "இப்ப யாருக்குன்னு வேண்டறதுங்க?" என்றாள். உட்கார்ந்து, முடிச்சை மெதுவாக அவிழ்த்துச் சேவலை விட்டுவிட்டாள்.

அதன் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தச் சேவல் வெகுநாள் இருந்து, கிழடாகித்தான் செத்தது. அதற்குத் தினமும் கம்பு வைத்தது அவள்தான். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவாள். ஒரு நாள்கூட அதைக் கூப்பிட்டதில்லை.