அகிலாண்டம் அக்காவின் ஹார்ட் டிஸ்க்

வெயிலுமுத்து அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பதைவிட, அதை யாருக்கும் புரியவைக்கத் தெரியும் என்பதில்தான் தாராவியில் அவருக்குப் பேர். தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் அவருடைய ரிப்பேர் கடை ஞாயிறு காலையில் வகுப்பாகிவிடும். நானும் அங்கே தரையில் உட்கார்ந்து படித்தவன்தான்.

ராம் மெமரி என்பது துணி வெட்டும் மேஜை, வேலை முடிந்தால் காலி என்பார். ஹார்ட் டிஸ்க் என்பது தலைக்கு மேலே சாமான் ஏற்றுகிற மாளா, நம்மூர்ப் பரண். கரண்ட் போனாலும் வைத்தது இருக்கும். ஐ.பி. அட்ரஸ் ரூம் நம்பர். ரவுட்டர், சந்து முனையில் நின்று எந்தத் தபால் எந்த ரூமுக்கு என்று பிரித்து அனுப்பும் ஆள். முக்கியமானதை டெஸ்க்டாப்பில் வையுங்கள், கண்ணெதிரே கிடக்கும் என்றும் சொல்வார். அந்தக் கடைசிப் பாடத்தில்தான் சனி உட்கார்ந்திருந்தது.

அகிலாண்டம் அக்கா தையல் பட்டறையில் பிசிறு வெட்டுகிறவர், ஞாயிறு வகுப்புக்கும் வருகிறவர். குடிசைகளை இடித்துக் கட்டப்போகிறார்கள்; இரண்டாயிரமாம் வருசத்துக்கு முன்பே இங்கே குடியிருந்ததாகக் காட்டினால்தான் மாற்று வீடு. அதற்கு அவரிடம் இருந்த ஒரே சாட்சி, இறந்துபோன கணவர் பேரில் வந்த பழைய கரண்ட் பில். போன மழையில் காகிதம் ஊறிக் கூழாகிவிட்டது. முன்பே ஸ்கேன் செய்திருந்ததால் அக்கா கலங்கவில்லை. அண்ணாச்சி சொன்னபடி வீட்டுக் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் பத்திரமாக வைத்திருந்தார்.

அந்த மெஷின் மந்தமானதும் அண்ணாச்சியிடம் கொடுத்தார். கடைகளில் டிஸ்க்கின் ஒரு பகுதியான சி டிரைவைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடுவார்கள், மறு பகுதியான டி டிரைவைத் தொடமாட்டார்கள். டெஸ்க்டாப் இருப்பதோ சி டிரைவில். அதனால் அங்கே ஏதும் வைத்திருக்கிறீர்களா என்று முதலில் கேட்டுக்கொள்வது வழக்கம். அன்று வாசலில் கூட்டம். அண்ணாச்சி கேட்காமலே துடைத்துவிட்டார்.

பில்லைக் காணோம் என்று அக்கா வந்து நின்றபோது, டிஸ்க்கில் ஓரிடம் பழுது, அதுவே பில்லை விழுங்கிவிட்டது என்று கூசாமல் சொல்லிவிட்டார்.

"மனுச நெஞ்சே திடீர்னு நின்னுருது. மெஷின் என்ன செய்யும்? நீங்க வெசனப்படாதிய, தம்பி" என்று அக்கா அவரைத் தேற்றிவிட்டுப் போனார்.

அந்த ஆறுதல்தான் அவரைக் குடைந்தது. துடைத்தால் உடனே எல்லாம் அழிந்துவிடாது. எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் கிழியும். மேலே வேறு சாமான் ஏறும்வரை பழையது அங்கேயே கிடக்கும். மெஷினைத் தொடாமல் கொண்டுவாருங்கள் என்று அன்றே சொல்லியிருந்தால் போதும். ஆனால் அதைச் சொன்னால் டிஸ்க் நல்லது, தப்பு தன்னுடையது என்றாகிவிடும். கடைப் பேருக்குப் பயந்து வாயைப் பூட்டிக்கொண்டார். அக்காவின் மகள் தினமும் காலேஜ் வீடியோக்களை இறக்கி நிரப்பினாள். ஒவ்வொரு நாளும் அந்தப் பில்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிப்பது தான்தான் என்று அவருக்குத் தெரியும். இதையெல்லாம் பின்னால் என்னிடம் சொன்னார்.

பதினோரு நாள் போயிற்று. ஞாயிறு வகுப்பில் ஹார்ட் டிஸ்க் பாடம். புதிதாக வந்த பெண்ணிடம் அக்கா, தன் டிஸ்க் பில்லை விழுங்கியதையும், அதில் சார் மேல் ஒரு தப்பும் இல்லை என்பதையும் விளக்கிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"யக்கா, டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. நான்தான் அழிச்சேன்."

அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். "அன்னைக்கே சொல்லியிருந்தா?"

"எடுத்திருக்கலாம்."

அன்றே மெஷினைக் கொண்டுவந்து, அழிந்ததைத் தேடும் சாஃப்ட்வேரை ஓட்டினார். சாயங்காலம் பில் கிடைத்தது, பாதி. மேலே கணவர் பெயர் தெளிவாக இருந்தது. தேதி இருந்த கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம்.

அக்கா திரையில் அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினார். குரலில் கோபம்கூட இல்லை.

"பேரு வந்துட்டு. ஆனா ஆபீசுல வருசத்தத்தான கேக்காவ, தம்பி?"