யாருமில்லாத வீட்டில் விழித்த டிராகன்

டிராகன் கதைத் தொடர் ஒன்றின்மேல் எனக்குப் பைத்தியம். கல்யாணமாகி நாகலூர் காப்பி எஸ்டேட் வீட்டுக்கு வந்தபோதே பெட்டியில் துணிமணியைவிட அந்தப் புத்தகங்கள்தான் அதிகம். போன கோடையில், அதன் ரசிகர்களுக்காக யாரோ விளையாட்டாகச் செய்திருந்த ஒரு மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றினேன். வேண்டாத ஃபைலை அழித்தால் டிராகன் தீயை உமிழ்ந்து அதைச் சாம்பலாக்கும். மற்ற நேரம் திரையின் மூலையில் சுருண்டு தூங்கும். மைக்கில் சத்தம் விழுந்தால் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, "என் புதையலைத் திருட வந்தது யார்?" என்று எழுத்தில் மிரட்டும். நான் தும்மியதற்குக்கூட என்னைத் திருடி என்றது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான என் கணவர் காலையில் கிளம்பிவிட்டால் வீட்டில் நான் மட்டும்தான். எனக்கு வீட்டிலிருந்தே புத்தக அட்டைகள் வடிவமைக்கும் வேலை. அந்தக் கோடையில் சுற்றிலும் அப்படி ஓர் அமைதி. நல்ல வெயில் நேரத்தில், ஓர் இலைகூட அசையாதபோது, டிராகன் கண்ணைத் திறக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். ஒன்றுமே இருக்காது. அதுவோ கண்ணை மூடாமல் என் முதுகுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும். கதவைத் தாழிட்டேன், ஜன்னலைச் சாத்தினேன். அப்போதும் விழித்தது. மென்பொருளை எடுத்துவிடலாம்தான். எடுத்துவிட்டால், வந்திருப்பது எதுவானாலும் அது எப்போது வருகிறது என்றே தெரியாமல் அதோடு உட்கார்ந்திருக்க வேண்டுமே!

"ஏனுங்க, இந்த ஊட்ல இனி என்னால தனியா இருக்க முடியாதுங்க. நொம்ப பயமா இருக்குதுங்க. ஆளுங்க நடமாட்டம் இருக்கற ஒண்டிக்கடைப் பக்கம் ஊடு பாருங்க" என்று ஒருநாள் அழுதேவிட்டேன். அவருக்கு இந்த வீட்டை விட மனமில்லை. மறுநாள் மதியம் வேலையைப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

டிராகன் கண்ணைத் திறந்தது. அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"பாத்தீங்களா? ஒரு சத்தமும் இல்லீங்க. ஆனா முழிச்சுக்கிச்சு."

அவர் சிரித்தார். "ஏம்புள்ள, சத்தம் இல்லியா? சில்வண்டு கத்தற கத்துல காதே கிழியுது!"

வெளியே ஓடினேன். சில்வர் ஓக் மரங்களுக்கடியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். பின்னாலேயே வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"வெளையாடாத புள்ள. நெசமாவே கேக்கலியா?"

அவர் குரல் கேட்டது, சில்வண்டு மட்டும் கேட்கவில்லை. பேயாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. பேயென்றால் வீட்டை மாற்றினால் போதும்.