ஒற்றைக் கோட்டை நம்பாத டாக்டரம்மா

திருப்பதியில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா அவர். ஒல்லியான உடம்பு, இழுத்துக் கட்டிய நரைமுடி. ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிய பிறகுதான் குழந்தையின் நெஞ்சில் வைப்பார். அதுவரை நாம் எது கேட்டாலும் பதில் வராது.

மகளுக்கு முதல் மொட்டை போட நகரியிலிருந்து வந்திருந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவளுக்கு இருமல், மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரியில் மூக்கில் குச்சி விட்டு, கட்டில் பக்கத்திலேயே வைரஸ் டெஸ்ட் எடுத்தார்கள். ஒரே கோடுதான் வந்தது. வைரஸ் இல்லை என்றாள் நர்ஸ்.

“அப்போ மலைக்குப் போய்க்கினு வந்துடறோம் மேடம்,” என்றேன் டாக்டரம்மாவிடம்.

“வேணாம் அண்ணா. ரெண்டு கோடு வந்தா நம்புவேன். ஒரு கோட்டை நம்ப மாட்டேன். வைரஸ் இருந்தாலும் சில நேரம் காட்டாது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நம்பாத டெஸ்டை எதுக்கும்மா எடுத்தீங்க? புள்ள அழுததுதான் மிச்சம். பெருமாளுக்கு நேந்துக்கினு வந்திருக்கோம்!”

“கோட்டை விடுங்க, குழந்தையைப் பாருங்க. மூச்சு விடறப்போ விலா உள்ள போகுது. பெருமாள் எங்கயும் போக மாட்டார்.”

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தேன். சாயந்திரம் மகளுக்கு மூச்சு இழுத்தது, ஆக்சிஜன் வைத்தார்கள். ‘நான் சொன்னேனே’ என்று அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது தீர்த்திருப்பேன்.

அடுத்த மாதம் மொட்டை போட்டோம். கண்ணிமைக்கிற நேரம்தான் பெருமாளைப் பார்க்கக் கிடைத்தது. கேட்க நினைத்திருந்ததெல்லாம் விட்டுப்போனது. பேர்கூடத் தெரியாத அந்த டாக்டரம்மா நல்லா இருக்கணும் என்றுதான் வாயில் வந்தது. அங்கேயும் வந்து என்னை மறித்துவிட்டார்.