ஒரு சாண் பச்சை டியூப்

அத்தையின் மொபெட் பச்சை நிறம். அதற்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்றுதான் நான் பச்சை டியூப் வாங்கினேன். இதைவிடப் பெரிய காரணம் இருந்தால் சொல்லியிருப்பேன், இல்லை. ஒன்பது வயதில் எனக்கு வாய் நீளம், புத்தி கட்டை.

அத்தை என் அப்பாவின் தங்கச்சி. மதுக்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை. எங்கள் தோட்டத்திலிருந்து பஸ் பிடிக்க மூன்று மைல் நடக்க வேண்டும் என்பதால் மொபெட். அத்தையைப் பெற்ற அப்பாரு அதற்கு அரைமனசாகத்தான் சம்மதித்திருந்தார். ‘ஒருநாள் வண்டி நடுரோட்டுல நின்னுதுன்னு எங்காதுல உழுந்தா, சாவி எங்கிட்ட வந்தறோணும்’ என்பது அவர் போட்ட நிபந்தனை. அதனால் அத்தை மெக்கானிக்கை நம்பாமல் வண்டியைத் தானே பார்த்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமையானால் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவாள்.

அந்தச் சமயம் பெட்ரோல் டியூபில் வெடிப்பு விட்டிருந்தது. நான் அப்பாவோடு உக்கடம் போகிறேன் என்றதும், பழைய டியூப் துண்டை என் கையில் கொடுத்து, “இதே அளவுல ஒரு சாண் வாங்கியா கண்ணு” என்றாள்.

அப்பா டீ குடிக்கப் போக, நான் மட்டும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குள் போனேன். கடைக்காரர் தடித்த கறுப்பு ரப்பர் டியூபை எடுத்து வைத்தார். பக்கத்தில், உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு பச்சை டியூப் சுருளாகத் தொங்கியது. அதைக் கேட்டேன்.

“அது தண்ணிக்குங்க அம்மணி. பெட்ரோல் பட்டா வெறைச்சுப் போயிரும்” என்றார்.

எங்கள் அத்தை பச்சைதான் கேட்டார்கள் என்று சாதித்து வாங்கிக்கொண்டேன்.

அத்தைக்குச் சந்தேகம்தான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பெட்ரோலுக்கு ஆகும்னு கடைக்காரரு சொன்னாரா கண்ணு?” என்றாள்.

“சொன்னாருங்கத்தை.” கூசாமல் சொன்னேன்.

முனையைச் சுடுதண்ணீரில் நனைத்து, மெதுவாகச் சொருகிக் கிளிப் மாட்டினாள். பெட்ரோல் இறங்குவது வெளியே தெரிந்தது. இரண்டு பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் வாரம் அந்த டியூப் காய்ந்த குச்சிபோல விறைத்து, கார்புரேட்டரிலிருந்து கழன்றுகொண்டது. பெட்ரோல் முழுக்க ரோட்டில். அத்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு சேர்வதற்குள், வழியில் பார்த்த யாரோ ஒரு புண்ணியவான் அப்பாருவிடம் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அப்பாரு வாசலில் நின்று கையை நீட்டினார். அத்தை டியூபை உருவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி, வாயைத் திறக்கவில்லை.

“நாந்தானுங்கப்பா பார்த்து வாங்காம உட்டுப்போட்டேன்” என்று சொல்லி அத்தை சாவியைக் கொடுத்தாள்.

வண்டியை விற்றாயிற்று. பத்துப் பதினைந்து நாள் விடியற்காலையில் எழுந்து பஸ்ஸுக்கு நடந்து பார்த்தாள். பாதி நாள் பஸ் தவறியது. ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் பொறுப்பார்கள், வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அத்தை எந்த வேலைக்கும் போகவில்லை, எந்த வண்டியும் ஓட்டவில்லை. என்னிடம் அதைப் பற்றி ஒருநாளும் கேட்கவும் இல்லை.

எனக்கு அப்போது இதெல்லாம் உறைக்கவே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அத்தை வீட்டிலேயே இருந்தாள். தலை பின்னிவிட்டாள், கூப்பிட்டபோதெல்லாம் தாயம் ஆட வந்தாள். டியூபை மாற்றி வாங்கினதும் நல்லதுக்குத்தான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.